ராணிக்குப் பின்னால்

முன்கதவைச் சாத்திக் குறுக்குக்கட்டையையும் போட்டார் வேலுச்சாமி. கேமராவில் கண்ணை வைத்துக் குனிந்திருந்த அபிஷா திடுக்கிட்டு நிமிர்ந்தாள்.

பழைய ஓவியங்களைப் படமெடுப்பது அவள் வேலை. மதுரையிலிருந்து போடிக்கு வந்து, அங்கிருந்து சோணையின் ஜீப்பில் ஏலத்தோட்டத்து நடுவிலிருக்கும் இந்தப் பங்களாவுக்கு மத்தியானம்தான் ஏறி வந்திருந்தாள். பங்களாவைக் காக்கும் வேலுச்சாமி இங்கே தனியாள் என்று சோணை சொல்லியிருந்தான்.

சுவரில் ரெண்டு சாண் அகலத்தில் அந்த ஓவியம். குதிரைமேல் ஒரு ராணி, மானைக் குறிபார்த்து வில்லை வளைத்திருந்தாள்.

"நல்லாப் பாரு ஆத்தா," என்று சற்றுமுன் சிரித்துக்கொண்டே காட்டியிருந்தார் வேலுச்சாமி. "இவ கண்ணு மான் மேல. புதருக்குள்ள புலி இவளையே பாத்துக்கிட்டிருக்கு. அது இவளுக்குத் தெரியல."

அந்தச் சிரிப்பே அவளுக்குப் பிடிக்கவில்லை. இப்போது அவர் ஜன்னல் திரைகளையும் இழுத்துவிட்டார்.

"எதுக்குக் கதவைச் சாத்துறீங்க?"

"சத்தம் காட்டாத." அவர் குரல் தணிந்திருந்தது. "பெரியவரு வந்துட்டாரு. அவரு போற வரைக்கும் நீ இங்கனதான் இருக்கணும்."

இவர் தனியாள் என்றுதானே சோணை சொன்னான்?

"நான் கெளம்புறேன். சோணை அண்ணனைக் கூப்பிடுங்க."

"அவன் வர மாட்டான்."

அவள் செல்போன் அலறியது. திரையில் சோணையின் பெயர். எடுப்பதற்குள் அவர் எட்டிப் பறித்து அணைத்தார். மூலையில் சாத்தியிருந்த துப்பாக்கியைக் கையில் எடுத்தார்.

"உள் ரூமுக்குப் போ. வெரசா."

அதற்குமேல் அவள் யோசிக்கவில்லை. கேமரா நின்ற முக்காலியை அப்படியே தூக்கி ஓங்கி அடித்தாள். காதோரம் ரத்தம் வழிய, மனுஷன் சத்தமில்லாமல் சரிந்தார்.

கட்டையை உருவிப் போட்டுவிட்டு வெளியே ஓடினாள். வாசலை மூடிக்கிடந்தது பனிமூட்டம். வரும்போது நின்றிருந்த வாழைகள் ஒடிந்து கிடந்தன, தாண்டி ஓடினாள். ஜீப்புக்குள் சோணை சிலைபோல் உட்கார்ந்திருந்தான்.

"அண்ணே, வண்டியை எடுங்க. அந்த ஆளு என்னைக் கொல்லப் பாத்தாரு."

சோணையின் பார்வை அவள்மேல் இல்லை. அவள் தலைக்கு மேலே, வெகு உயரத்தில் நிலைகுத்தியிருந்தது. உதடுகள் மட்டும் அசைந்தன.

"அசையாத தாயி. பின்னால பெரியவரு. யானை."