சோத்துக்கைப் பக்கம்

கல் இல்லை.

டாக்டர் வைகுண்டராஜ் மறுபடி விரலை விட்டுத் தடவினார். சிறுநீரகம் வழவழவென்று, செக்கச்செவேலென்று, ஒரு குறையும் இல்லாமல் இருந்தது.

கல் அடைத்து, சீழ் கோத்து, அழுகிப்போன சிறுநீரகத்தை எடுக்கத்தான் மலைச்சாமியின் வலது விலாவைத் திறந்திருந்தார்.

"கிளாம்ப் தரட்டுமா டாக்டர்?" என்றாள் நர்ஸ் சுகிர்தம்.

"தொடாதே!"

அவர் போட்ட சத்தத்தில், மயக்க மருந்து கொடுப்பவர் திடுக்கிட்டு நிமிர்ந்தார்.

மலைச்சாமி காலையில்தான் தேவாரம் ஊரிலிருந்து வாடகை அம்பாசிடரில் வந்து இறங்கினார். குளிர்க்காய்ச்சலில் பல் கிட்டியது. சீழின் விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டது. மதுரை வரை தாங்காது.

எக்ஸ்ரேயில் புளியங்கொட்டை அளவுக்குக் கல் பளிச்சென்று தெரிந்தது. அந்தச் சிறுநீரகம் செத்துவிட்டது, இன்னொன்று நன்றாக இருக்கிறது. அதுவும் தெரிந்தது.

எது வலது, எது இடது என்பதுதான் தெரியவில்லை. படம் எடுத்த இடத்தில் பக்கம் குறிக்கும் எழுத்தை வைக்க மறந்திருந்தார்கள். ஃபிலிமை எப்படித் திருப்பினாலும் சரியாகவே இருந்தது. வயிற்றில் எங்கே தொட்டாலும் மனிதர் அலறினார்.

எனவே டாக்டர் அவரிடமே கேட்டார். கேட்டதையே திரும்பவும் கேட்டார்.

கம்பளிக்குள் கைகளைச் சுருட்டிக்கொண்டு நடுங்கிய மலைச்சாமி, அந்த வலியிலும் சிரித்தார்.

"சோத்துக்கைப் பக்கம்யா. எத்தன மட்டம் கேப்பீக? கல்லு எனக்கா, ஒங்களுக்கா?"

சோத்துக்கை என்றால் வலது கை. இந்தப் பள்ளத்தாக்கில் பச்சைப்பிள்ளைக்கும் தெரியும்.

அவர் மயங்கியபின், டாக்டர் தன் கையாலேயே வலது விலாவில் நீல மையால் பெருக்கல் குறி போட்டார்.

இப்போது அந்தக் குறிக்குக் கீழே, நல்ல சிறுநீரகத்தின் ரத்தக் குழாய் துடித்துக்கொண்டிருந்தது. அதை இறுக்கிக் கட்டியிருந்தால் மலைச்சாமி அவ்வளவுதான்.

"சுகிர்தம், வெளியே அவர் சம்சாரம் இருப்பாங்க. எந்தப் பக்கம்னு கேளு. ஓடு!"

அவள் திறந்த கதவு மூடுவதற்குள் மலைச்சாமியின் மனைவி பவுனுவின் குரல் உள்ளே வந்துவிட்டது.

"சோத்துக்கைப் பக்கந்தேன் தாயி. பந்தியில ஒக்காந்தாகன்னா பக்கத்து எலைக்காரர முழங்கையில இடிச்சுக்கிட்டே இருப்பாகளே, அந்தக் கைதேன். நமக்குத்தேன் அது பீச்சாங்கை."



"தையல் போட்டு மூடிட்டு மறுபக்கம் திறக்கணும்," என்றார் டாக்டர். "ஊசி குடுங்க. சீக்கிரம்."

மேசையில் மலைச்சாமி இடப்பக்கமாக ஒருக்களித்துக் கிடந்தார்.

சோத்துக்கை அவர் உடம்புக்கு அடியில் இருந்தது.