எண்ணூற்றுப் பன்னிரண்டு பேர்

மூத்த மருமகளுக்கு வயிறு எரிந்தது. வெப்சைட் வடிவமைப்பதில் அவளுக்குப் பத்து வருட அனுபவம். கொழுந்தனின் மனைவியோ நேற்று முளைத்தவள். போன மாதம்தான் அதே தொழிலில் இறங்கி, தனக்கென்று ஒரு வெப்சைட் திறந்தாள். அதன் அடியில் பார்வையாளர் எண்ணிக்கை: எண்ணூற்றுப் பன்னிரண்டு!

“காலையில எழுநூத்தித் தொண்ணூறு. அதுக்குள்ள இருபத்திரண்டு பேர் கூடிட்டாங்க!” என்று லேப்டாப்பைக் காட்டிக் கணவனிடம் பொருமினாள்.

“நீ ஏன் அதையே போய்ப் போய்ப் பார்க்கிறே?”

“அவ எங்கே கோட்டை விடுறாள்னு நான் பார்க்க வேண்டாமா?”

அந்த நேரம் பார்த்து இளையவளே வந்து நின்றாள். முகம் வாடியிருந்தது.

“அக்கா, ஒரு மாசமா ஒரு வேலைகூட வரலை. எல்லாத்தையும் மூடிடலாம்னு நினைச்சேன்.”

மூத்தவளுக்கு வயிறு குளிர்ந்தது. “எண்ணூறு பேர் பார்த்துமா?”

“எண்ணூறு பேர் இல்லக்கா. இன்னிக்குத்தான் எங்கேயிருந்து திறக்கிறாங்கன்னு வெப்சைட் பதிவை எடுத்துப் பார்த்தேன். எல்லாமே ஒரே கம்ப்யூட்டர். யாரோ ஒரு புண்ணியவான் தினமும் இருபது, முப்பது தடவை திறந்து பார்க்கிறார்.”

மூத்தவள் மெல்ல லேப்டாப்பை மூடினாள்.

“அந்த ஒரு ரசிகருக்காகவே தொழிலை விடறதில்லைன்னு முடிவு பண்ணிட்டேன்க்கா!”