தீக்குச்சித் தேர்

பிச்சையா கிளியின் கழுத்தை ஒரே திருகில் பிய்த்தான். உடலைச் சுவரில் வைத்துத் தேய்த்தான். வைக்கோல் சிதறியது. அவன் மனைவி இசக்கிசெல்வி பழைய சேலையில் தைத்து நிலைப்படியில் தொங்கவிட்டிருந்த கிளி அது.

"வீடாட்டி இது? பொருட்காட்சி மாதிரில்லா வச்சிருக்க!" என்று மனைவியின் வாயில் குத்தினான். உதடு கிழிந்தது. "அடுத்த தடவ பொம்மை இல்லட்டி. உன் மூஞ்சிய இதே சுவத்துல தேய்ப்பேன்."

சொன்னால் செய்கிறவன். போன பொங்கலுக்குக் கையை முறிப்பேன் என்றான், முறித்தான். எதை உடைத்தாலும் மிச்சத்தை அந்தச் சுவரில் தேய்த்தால்தான் அவனுக்கு அடங்கும். அதில் அவள் வரைந்து வைத்திருக்கும் படமும் சேர்ந்து பாழாகும் அல்லவா?

மறுவாரம் அதே சுவரில் இசக்கிசெல்வி ஆளுயர யானை ஒன்றை வரைந்தாள். பக்கத்தில் ஒரு முக்காலி வைத்து, அதன்மேல் தீக்குச்சிகளை ஒட்டிச் செய்த தேரை நிறுத்தினாள். குச்சிகளின் சிவப்புத் தலைகள் வெளியே பார்த்து வரிசை வரிசையாக நின்றன.

அடுத்த வீட்டு பேபி பதறினாள். "மருந்துக் குச்சியிலயா செஞ்சிருக்க? பத்திக்கிட்டா வீடே போயிருமேட்டி!"

"பெட்டியில உரசாம எப்பிடிக்கா பத்தும்?"

பேபி சிரித்துவிட்டாள். கோவில்பட்டியில் ஒரே தீப்பெட்டி ஆபீஸில்தான் இருவருக்கும் வேலை. குச்சியின் தலையில் ஒரு மருந்து, பெட்டியின் ஓரத்தில் வேறு மருந்து. இரண்டும் ஒன்றோடொன்று உரசினால்தான் தீ. வெறும் சுவரில் எவ்வளவு தேய்த்தாலும் தலை உதிருமே தவிர, பொறி வராது.

சாயங்காலம் பிச்சையா தள்ளாடி வந்தான். சுவரைத் தடவிப் பார்த்தான்.

"யானை எங்கனட்டி பழுப்பா இருக்கு? தொட்டா வேற சொரசொரங்கு. சொறி புடிச்ச யானையா?"

அவன் கண் தேர்மீது விழுந்தது. இசக்கிசெல்வி குறுக்கே வந்து நின்றாள்.

"அத மட்டும் உடைச்சிராதீய."

அவள் தலைமுடியைப் பிடித்து நிலைக்கட்டையில் மோதினான். பிறகு தேரை இரண்டு கையாலும் தூக்கி, யானையின் நெற்றியில் வைத்து, பலங்கொண்டமட்டும் கீழே இழுத்தான்.

தேர் சீறியது. குச்சிகள் மொத்தமும் ஒரே மூச்சில் பற்றி அவன் முகத்துக்குத் தாவின. பாலியஸ்டர் சட்டை உருகி நெஞ்சோடு ஒட்டியது. அலறிக்கொண்டு தெருவுக்கு ஓடினான். ஆட்கள் சாக்கைப் போட்டு உருட்டி, ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்குப் பறந்தார்கள்.

"குடிச்சிட்டு பீடி பத்த வச்சிருப்பான்" என்றது தெரு.

பேபி மட்டும் வீட்டுக்குள் நின்று, யானையின் நெற்றியிலிருந்து இறங்கிய கருப்புக் கோட்டையே பார்த்தாள்.

"சுவத்துல உரசுனா நம்ம குச்சி பத்தாதே, செல்வி?"

இசக்கிசெல்வி முந்தானையால் நெற்றி ரத்தத்தைத் துடைத்தாள்.

"யானைய நான் பெட்டி மருந்துலல்லாக்கா வரைஞ்சேன்."