ஓசூர் பஸ்ஸில் ஓர் ஊமை

"எந்த ஊரும்மா?"

பஸ் ராயக்கோட்டையை விட்டு இன்னும் நகரவே இல்லை. அதற்குள் பக்கத்து சீட்டு அம்மாள் ஆரம்பித்துவிட்டாள்.

ஜெபசீலி மடியில் கிடந்த குழந்தையின் துண்டைச் சரிசெய்கிறவள் போலக் குனிந்துகொண்டாள். பதில் சொல்லித்தான் ஒரு தரம் பட்டாயிற்றே!

கூச்சக்காரிதான். ஆனால் திறந்தால் மூடத் தெரியாத வாய். போன மாசம் ரயிலில் ஒருத்தி பிரியமாய்க் கேட்டாள் என்று, மாமியார் சர்க்கரை டப்பாவை ஒளித்து வைக்கிற இடம் வரைக்கும் சொல்லிவிட்டாள். கேட்டவள் மாமியாருக்கு ஒன்றுவிட்ட தங்கை. ஜெபசீலி வீடு போய்ச் சேருவதற்கு முன்னால் அவள் பேச்சு போய்ச் சேர்ந்துவிட்டது.

அன்றைக்கு எடுத்த முடிவு, இனி வெளியாளிடம் வாயே திறப்பதில்லை என்று.

"உன்னைத்தாம்மா. வீட்டுக்காரர் என்னா வேலை? சம்பளம் எவ்வளவு? உங்க ஊருப் பக்கம் ரூபாய்க்குப் படி அரிசி வந்துச்சா? பிள்ளைக்கு என்னா, முகமெல்லாம் செவந்து கெடக்கு?"

ஜெபசீலி தலையை ஆட்டினாள். தமிழ் தெரியாதவள் என்று நினைத்துக்கொண்டு விட்டுவிடட்டும்.

விட்டால்தானே! "யாவூரம்மா?" என்று கன்னடத்தில் தொடங்கினாள் அந்த அம்மாள்.

குனிந்தபடியே இதற்கும் ஒரு தலையாட்டல்.

"ஏ ஊரம்மா?" இப்போது தெலுங்கு.

மூன்று பாஷையும் புழங்குகிற இந்த எல்லைப் பக்கத்து பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டு பாஷை தெரியாதவளாக நடிக்கக் கிளம்பினாளே, அந்த மூளையை என்னவென்று சொல்ல! இனி ஆட்டுவதற்குத் தலையைத் தவிர வேறென்ன இருக்கிறது? ஆட்டினாள்.

அம்மாள் இவள் குனிந்த தலையை உற்றுப் பார்த்தாள். பிறகு பஸ் முழுக்கக் கேட்கும்படி, "அய்யோ பாவம், ஊமைப் பொண்ணுங்க இது!" என்றாள்.

"கைப்பிள்ளையோட தனியா அனுப்பியிருக்கானே, புருசனா அவன்?" என்றார் முன்சீட்டுத் தலைப்பாகைக்காரர்.

"இம்மாம் லட்சணமா இருந்து என்னா புண்ணியம்!" என்றாள் பின்னால் ஒருத்தி.

இதைக் கேட்டு உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷப்பட்டதை, ஜெபசீலி ஜெபத்தில் மட்டும்தான் ஒப்புக்கொள்ள முடியும்.

ஓசூர் வந்தது. அவள் கையிலிருந்த, ஊர்ப் போதகர் எழுதிக் கொடுத்த சீட்டைக் கண்டக்டர் வாங்கிப் பார்த்தார். "மிஷன் ஆஸ்பத்திரிக்குப் போவணுமாம். பூவம்மாக்கா, நீங்களே கொண்டு போய் விட்டுடுங்களேன்."

பூவம்மாள் என்ற அந்த அம்மாள் இவள் கையைப் பிடித்தாள். ஆஸ்பத்திரி வரைக்கும் விடவில்லை.

அங்கே வரிசை வராந்தாவைத் தாண்டி வாசலுக்கு வந்திருந்தது.

"வழி விடுங்கம்மா, வாய் பேசாத பொண்ணு! பிள்ளை நெருப்பாக் கொதிக்குது!"

வரிசை விலகியது. முதலில் நின்றவள் தன் முறையையே விட்டுக்கொடுத்தாள். ஜெபசீலி ஊமையாகவே உள்ளே போனாள். இனிமேல் எந்த முகத்தோடு வாயைத் திறப்பது?

டாக்டரம்மா குழந்தையின் காதைப் பார்த்தார். நெஞ்சைப் பார்த்தார். "காதுல சீழ் வச்சிருக்கு. முன்னே பென்சிலின் ஊசி போட்டிருக்கா? ஒத்துக்கிச்சா?"

"வாய் பேசாதுங்கம்மா" என்றாள் ஆயா.

"கூட வந்தது யாரு? உங்களுக்குத் தெரியுமா?"

பூவம்மாள் திரும்பினாள். ஜெபசீலியையே பார்த்தாள்.

"தெரியாம எப்படிப் போடறது?" என்று டாக்டரம்மா யோசித்தார். நர்ஸ் கொதிக்கிற தண்ணீரிலிருந்து ஊசியை எடுத்தாள்.

"வேண்டாம் டாக்டரம்மா!" என்று அலறினாள் ஜெபசீலி. "தை மாசம் அந்த ஊசி போட்டு, உடம்பெல்லாம் தடிச்சு, பிள்ளை மூச்சே நிக்கப் பாத்துது! மூணு நாளாக் காய்ச்சல். என் பேரு ஜெபசீலி. வீட்டுக்காரர் ஜான்பீட்டர், பெங்களூர்ல மில்லு, நூத்திப் பத்து ரூபா சம்பளம், மாமியாருக்குத்தான் நான் வந்ததுலேருந்து..."

"மாமியாருக்கு உடம்பு நல்லாத்தானே இருக்கு? பிள்ளையைப் பத்தி மட்டும் சொல்லும்மா" என்றார் டாக்டரம்மா. வேறு மருந்து எழுதினார்.

வெளியே வந்தால், வரிசை முழுக்க இவளைத்தான் பார்த்தது.

"நல்லா நடிக்கிறாடி! நாம வேலை வெட்டி இல்லாம நிக்கிறமா?" என்றாள் முறையை விட்டுக்கொடுத்தவள்.

ஜெபசீலிக்கு இப்போது நிஜமாகவே பேச்சு வரவில்லை.

பூவம்மாள் முன்னால் வந்தாள். "ஏம்மா, ஊமைன்னு அவளா வாயைத் திறந்து சொன்னா? நான்ல சொன்னேன். திட்டறதை என்னைத் திட்டுங்க." நின்று திட்டும் வாங்கிக்கொண்டாள்.

ரோட்டுக்கு வந்ததும் ஜெபசீலி மெதுவாகக் கேட்டாள். "உங்களுக்கு எப்ப தெரிஞ்சுதுக்கா?"

"பஸ்ஸிலேயே. ரோஷத்துலயாவது நீ பேசுவேன்னுதான் ஊமைன்னு சத்தம் போட்டேன். இங்க வந்தா இம்மாம் பெரிய வரிசை. டாக்டரம்மா பன்னெண்டு மணிக்கு எழுந்து போயிடுவாங்க. சரி, பிள்ளைக்காக அந்தப் பொய் இன்னும் கொஞ்ச நேரம் இருந்துட்டுப் போவட்டும்னு விட்டேன்."

"நான் ஊமை இல்லேன்னு எப்படிக்கா கண்டுபிடிச்சீங்க?"

பூவம்மாள் குழந்தையின் துண்டை இழுத்துவிட்டாள்.

"என் தங்கச்சி பொறவியிலேயே ஊமைம்மா. யாரு எது கேட்டாலும், ஒரே ஒரு பதில் சொல்லிட மாட்டமான்னு, கேக்கறவங்க வாயையே பாத்துக்கிட்டு நிக்கும்."