ஊரிலை எவடம்?

உருத்திரமூர்த்திக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கோபமெல்லாம் டில்லி சுல்தான்களின் அரசவையில் இருந்த துருக்கிப் பிரபுக்கள் மீது.

மகள் சாம்பவி, பல்கலைக்கழகத்துக்கு எழுதிய ஆய்வின் கடைசி அத்தியாயத்தை அவருக்குத் தமிழில் விளக்கிக்கொண்டிருந்தாள்.

பள்ளிவாசலில் எல்லோரும் ஒரே வரிசையில்தான் தொழுதார்கள். ஆனால் இந்துஸ்தானத்தில் பிறந்த முஸ்லிம் ஒருவன் பெரிய பதவிக்கு வந்துவிட்டால் அந்தப் பிரபுக்களுக்குப் பொறுக்காது. தாய் யார், தகப்பன் யார் என்று தோண்டுவார்கள். துருக்கி இரத்தம் இல்லையென்றால் ஆளைப் பதவியிலிருந்து தூக்கிவிடுவார்கள்.

"ஒரு கடவுளைக் கும்பிட்டுக்கொண்டு உதென்ன புத்தி? மனுசரே உவங்கள்!"

உணவகத்தில் கோப்பை கழுவிய காலத்தில், பெயர் வாயில் நுழையவில்லை என்று முதலாளி தன்னை 'ரூடி' ஆக்கியதை இன்னும் மறக்காத மனிதர்.

சாம்பவிக்குக் கொஞ்சம் துணிவு வந்தது. அவளுக்கு வேண்டியது ஆய்வுக்கான பாராட்டு அல்ல. பக்கத்தில் கணினியோடு உட்கார்ந்திருந்த டனிஸ்ரனை அவள் கட்டப்போகிறாள். கூடப் படிக்கிறவர் என்று சொல்லித்தான் கூட்டிவந்திருந்தாள். அப்பாவுக்கு அவனைப் பிடித்துவிட்டால் மீதியை மெல்லச் சொல்லிக்கொள்ளலாம்.

அம்மா தேநீர் கொண்டுவந்தாள். அப்பா தன் கையாலேயே ஒரு கோப்பையை எடுத்து அவனிடம் நீட்டினார்.

"தம்பி, ஊரிலை எவடம்?"

அவன் பிடித்த பிறகும் கோப்பையை விடவில்லை.

மொன்ட்ரியாலில் அந்தக் கேள்வி தெரியாத யாழ்ப்பாணத்தவர் இல்லை. ஊரைச் சொன்னால் கோயிலைக் கேட்பார்கள். கோயிலைச் சொன்னால் எந்தத் தெரு, எந்த ஒழுங்கை என்று கேட்பார்கள். ஒழுங்கையில் சாதி தெரிந்துவிடும். டனிஸ்ரனின் ஒழுங்கை தெரிந்தால் அப்பா அந்தக் கோப்பையை என்ன செய்வார் என்று சாம்பவிக்குத் தெரியும்.

டனிஸ்ரன் ஓர் ஊரைச் சொன்னான். கோயிலுக்கு வடக்கு வீதி என்றான். கொஞ்சமும் தடுமாறவில்லை.

"நல்ல இடம். அம்மா அப்பா ஆர்? எனக்குத் தெரிஞ்சிருக்கும்."

அவன் தேநீரைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"ரெண்டுபேரும் இல்லை ஐயா. சண்டைக்குள்ளை செத்துப்போச்சினம்."

அப்பா கோப்பையை விட்டார். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இனி இதை உன்ரை வீடாய் நினை என்று அப்பா அவன் தோளில் தட்டிக்கொடுத்தார்.

எல்லாம் வரும் வழியில் மெட்ரோ ரயிலில் சாம்பவி சொல்லிக்கொடுத்தபடியே நடந்தது. ஊர், வீதி, சண்டை, எல்லாமே. கடைசி வரிக்கு மட்டும் அவன் மாட்டேன் என்றான். இன்றைக்கு ஒருநாள்தானே என்று அவள்தான் கெஞ்சினாள்.

மேசையில் அவனுடைய கைபேசி அதிர்ந்தது.

'அம்மா' என்று திரையில் தமிழிலேயே எழுதியிருந்தது. இதே நகரத்தின் செயின்ட்-மிஷேல் பகுதியிலிருந்து. மகன் சாப்பிட்டானா என்று கேட்க அவர் தினமும் எடுக்கிற நேரம்.

டனிஸ்ரன் கையை நீட்டினான்.

சாம்பவி முந்திக்கொண்டாள். கையிலிருந்த அத்தியாயத்தை அதன் மேல் வைத்து, அதிர்வு ஓயும்வரை அழுத்திப் பிடித்திருந்தாள்.