முட்டை இருக்கிற கை

ஈஸ்டர் அன்று அக்கம்பக்கத்துப் பிள்ளைகளைக் கூப்பிட்டு, முட்டை ஒளித்துவைத்து விளையாடவிட்டு விருந்து போடுவது கிளாடிஸ் வீட்டு வழக்கம். இந்த வருஷம் வேண்டாம் என்றுதான் இருந்தாள். விபத்தில் வலது கை அசைவற்றுப்போன கணவன் செல்வின்தான், "பிள்ளைங்க ஏமாந்துபோயிரும், கூப்பிடு" என்றான்.

பீட்ரூட்டிலும் மஞ்சளிலும் சாயமேற்றிய முட்டைகளைச் செருப்புக்குள்ளும் அரிசி டிரம்முக்குள்ளும் ஒளித்தாள். மிஞ்சிய ஒன்றை, கூடத்து நாற்காலியின் கைப்பிடியில் மல்லாந்து கிடந்த செல்வினின் வலது உள்ளங்கையில் வைத்தாள்.

"இத யாரு வேணா எடுத்துக்கிடலாம்" என்று சிரித்தான் செல்வின்.

பிள்ளைகள் வந்ததும் வீடே இரண்டுபட்டது. அடுப்படியில் கிளாடிஸ் பிரியாணியைக் கிளறிக்கொண்டிருந்தபோது எதிர்வீட்டு நிஷா அழுதுகொண்டே வந்து நின்றாள்.

"ஆன்ட்டி, அங்கிள் போங்காட்டம் ஆடுறாங்க. முட்டைய எடுக்கப்போனா விரல மூடிக்கிட்டாங்க. இழுத்தாலும் விட மாட்டேங்கிறாங்க."

கரண்டி அப்படியே நின்றது.

"எந்தக் கைம்மா?"

"முட்டை இருக்கிற கைதான்" என்றாள் நிஷா எரிச்சலாக.

ஸ்தோத்திரம் சொல்லத்தான் கிளாடிஸ் வாயைத் திறந்தாள். கூடத்தைப் பார்த்து, "விட்டுராதீங்க" என்றுதான் வந்தது.