மஞ்சள் குடைப் படம்

"ரேடியோவில சொன்னீங்களே, மஞ்சள் குடையை மடியில வச்சுக்கிட்டு ஒரு அம்மா வாயைப் பிளந்து தூங்குற படம், அது வேணும். விலையை நீங்களே சொல்லுங்க" என்றார் வந்தவர்.

வாரம் ஒரு படத்தைப் பற்றி வானொலியில் பேசும் ஓவியக் கடைக்காரர் தலையைச் சொறிந்தார். "அது விற்பனைக்கு இல்லீங்க."

வந்தவர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு போனதும் மனைவி பிடித்துக்கொண்டாள். "வாயைப் பிளந்து தூங்குறவளை வச்சு என்ன பண்ணப் போறீங்க? கொடுத்துத் தொலைக்கிறதுதானே?"

"அப்படி ஒரு படமே இல்லடி. அன்னைக்குப் பேச வேண்டிய படத்தைக் கடையிலேயே மறந்துட்டேன். நேரடி ஒலிபரப்பு வேற. ஸ்டுடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எனக்காக ஒருத்தி காத்துக்கிட்டிருந்தா. பார்த்ததை அப்படியே சொல்லிட்டேன்."

அவள் பார்வை கதவில் தொங்கிய தன் மஞ்சள் குடைமேல் போய் நின்றது.

"வாயை மூடின மாதிரி சொல்லியிருக்கக் கூடாதா?" என்றாள்.